வீட்டில் சிஓ அலாரம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்குகிற மெஷின்), சுடுநீர்த் தாங்கி, காஸ் அடுப்பு இவற்றைப் பூட்டுவதும் திருத்துவதும் என் வேலை. ஒக்டோபர் பிறந்தால் போதும், வேலைக்குப் போகிற வீட்டிலும் கலியாண மண்டபத்திலும் வாட்ஸ்அப்பிலும், சிஓ என்கிற நச்சுவாயு வந்தால் அடிக்கிற அலாரத்தைப் பற்றி ஒரே கேள்விகள்தான் வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருப்பதை விட ஒரேயிடத்தில் எழுதிவைத்தால் எனக்கும் வசதி. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ப்டன் பக்கத்து வீடுகளை மனதில் வைத்து எழுதியது. வேறு நாட்டில் இருப்பவர்கள் சட்டத்தை மட்டும் உங்கள் இடத்துக்கு ஏற்ப விசாரித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் எங்கேயும் பொருந்தும்.

சிஓ எண்டால் காஸ் லீக்தானே அண்ணை?

இல்லை, இரண்டும் வேறு வேறு. குழாயில் வருகிற இயற்கை எரிவாயு கசிந்தால் அழுகிய முட்டை மணம் அடிக்கும், அந்த மணத்தை வேண்டுமென்றே கலந்துதான் அனுப்புகிறார்கள். சிஓ என்கிற காபன் மொனொக்சைட், எரிபொருள் எரியும்போது காற்றுப் போதாமல் அரைகுறையாக எரிந்தால் உண்டாவது. காஸ், புரொப்பேன், பெற்றோல், டீசல், விறகு, கரி, எதை எரித்தாலும் வரும்.

ஆகவே சிஓ அலாரம் காஸ் கசிவைக் கண்டுபிடிக்காது. இரண்டையும் பார்க்கிற கருவிகளும் கடையில் உண்டு, பெட்டியில் அதைத் தெளிவாக எழுதியிருப்பார்கள். காஸ் மணம் வந்தால் எந்தக் கருவிக்கும் காத்திருக்காதீர்கள். லைட் சுவிட்சைத் தொடாமல் வெளியே போய், வெளியில் நின்று போன் எடுங்கள்.

அடுப்போ ஃபர்னஸோ பிழையா எரிஞ்சால் எங்களுக்கே மூக்கில அடிக்குமே, பிறகேன் மெஷின்?

மூக்கில் அடிப்பது எரிகிறபோது கூடவே வருகிற மற்றப் பொருட்களின் மணம். சிஓவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, கண் எரிச்சல்கூட இல்லை. இரத்தத்தில் ஒட்சிசனைக் காவுகிற ஹீமோகுளோபினோடு அது ஒட்சிசனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். நீங்கள் வழக்கம்போல மூச்சு விட்டுக்கொண்டே இருப்பீர்கள், மூளைக்கும் இதயத்துக்கும் ஒட்சிசன் போகாது. நித்திரையில் இருந்தால் எழும்பவே மாட்டீர்கள்.

ஒன்ராறியோ வூட்ஸ்டொக்கில் 2008 டிசம்பரில் ஹோக்கின்ஸ் குடும்பம் முழுவதும், தாய் தகப்பன் இரண்டு பிள்ளைகள், இப்படித்தான் போனது. காஸ் கணப்படுப்பின் புகை வெளியேறும் வழி அடைபட்டிருந்தது, வீட்டில் சிஓ அலாரம் இல்லை. தாய் மாகாணப் பொலிஸில் வேலை செய்தவர். அவருடைய அங்கிள் ஜோன் கிக்னாக் தீயணைப்பு வீரராக இருந்தவர், அவர் விடாமல் அலைந்ததில்தான் 2013இல் சிஓ அலாரம் பற்றிய ஹோக்கின்ஸ் கிக்னாக் சட்டம் வந்தது. ஆபத்தை நன்றாக அறிந்தவர்களின் குடும்பத்திலேயே மூக்கு உதவவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள்.

சட்டப்படி எத்தனை வைக்கோணும்? ஒண்டு காணாதோ?

வீட்டில் எரிபொருளில் இயங்குகிற ஏதாவது ஒன்று, கணப்படுப்பு, அல்லது வீட்டோடு ஒட்டிய கராஜ் இருந்தால் சட்டம் உங்களுக்கும்தான். 2014 ஒக்டோபர் 15 முதல் படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் ஒன்று இருக்க வேண்டும் என்றிருந்தது. 2026 ஜனவரி 1 முதல் அதோடு ஒவ்வொரு தளத்திலும் வேண்டும், அந்தத் தளத்தில் ஒருவரும் படுக்காவிட்டாலும். மேல்மாடியில் படுக்கையறைகள், நடுவில் குசினி, கீழே பேஸ்மென்ட் என்கிற நம் ஆட்களின் வழக்கமான வீட்டுக்கு ஆகக் குறைந்தது மூன்று. பேஸ்மென்டில் யாராவது படுத்தால் அங்கே அவர்கள் அறை வாசலுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

கொண்டோ என்கிற அடுக்குமாடி வீட்டில் எல்லாம் மின்சாரம்தானே என்று விடவும் முடியாது. கட்டடத்தின் கராஜுக்கோ கொதிகலன் அறைக்கோ மேலே, கீழே, பக்கத்தில் இருக்கிற வீடுகளுக்கும் இது பொருந்தும்.

எவ்வளவு உயரத்தில பூட்டுறது? ஒரு ஆள் நிலத்தோட எண்டுறார், ஒரு ஆள் சீலிங்கில எண்டுறார்.

இரண்டு பேரும் பாதி சரி. சிஓ காற்றை விட மிகச் சிறிதளவுதான் இலேசானது, அறைக் காற்றோடு கலந்து எல்லா உயரத்திலும் நிற்கும். நிலத்தோடு வைக்க வேண்டும் என்கிற கதை புரொப்பேனுடையது, அது பாரமானது, கீழே தங்கும். சீலிங் கதை புகை அலாரத்துடையது. தனி சிஓ அலாரத்தைச் சுவர்ச் செருகியிலோ, தலை உயரத்திலோ, கட்டிலில் படுத்தால் தலை இருக்கிற உயரத்திலோ வைக்கலாம், கூட வருகிற கடதாசியில் சொன்னபடி. புகையும் சிஓவும் சேர்ந்த இரட்டைக் கருவி என்றால் புகைக்காக அது மேலேதான் போக வேண்டும்.

உயரத்தை விட முக்கியம், நித்திரையில் இருப்பவருக்குக் கேட்கிறதா என்பது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஃபான் சத்தத்தோடு படுத்திருந்து, ஒருவரை வெளியில் நின்று சோதனைப் பொத்தானை அழுத்தச் சொல்லிப் பாருங்கள். அப்பாவுக்குக் காது மந்தம் என்றால் அவர் அறைக்குள்ளேயே ஒன்று வைத்துவிடுங்கள்.

எது வேண்டுறது? கடையில முப்பது டொலரிலயும் இருக்கு, நூறு டொலரிலயும் இருக்கு.

பெட்டியில் சிஎஸ்ஏ 6.19 என்கிற தர எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒன்லைனில் மலிவாக வருகிற, பெயர் தெரியாத சிலவற்றில் அது இருக்காது, அவற்றை நான் தொடவே மாட்டேன். அந்த எண் இருந்தால் மலிவானதும் அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்கும்.

சுவரில் செருகுவது என்றால் பற்றரியும் உள்ளே இருப்பதாக வாங்குங்கள். கரண்ட் போகிற நேரம்தான் ஆபத்து கூடின நேரம், காரணம் கீழே வரும். சுவிட்ச் போட்டால் மட்டும் உயிர் வருகிற செருகிகள் சில அறைகளில் உண்டு, அதில் செருகிவிடாதீர்கள். இலக்கம் காட்டுகிற திரை உள்ளதற்கு இன்னும் கொஞ்சம் காசு போட்டால் வீண் போகாது.

குசினிக்குள்ள வைக்கலாமோ? அங்கதானே அடுப்பு இருக்கு.

வேண்டாம். அடுப்புப் பற்றவைக்கிற முதல் சில நொடிகளில் கொஞ்சம் சிஓ வருவது வழமை, அதற்கெல்லாம் கத்தத் தொடங்கினால் இரண்டாம் நாளே கழற்றி லாச்சிக்குள் போட்டுவிடுவீர்கள். பெரும்பாலான கருவிகள் அடுப்பிலிருந்து 15 அடி தள்ளி வைக்கச் சொல்கின்றன. குளியலறை நீராவியும் சென்சருக்குக் கூடாது. கராஜுக்குள், யன்னல் பக்கத்தில், திரைச்சீலைக்குப் பின்னால், சோபாவுக்குப் பின்னால் இருக்கிற செருகியில், இங்கெல்லாமும் வேண்டாம். ஃபர்னஸ் அறைக்குள்ளேயே மாட்டுவதும் சரியில்லை. அதற்கு வெளியே, ஆட்கள் இருக்கிற பக்கம் வையுங்கள்.

இது இடைக்கிடை ஒரு "கீச்" எண்டு கத்துது. சிஓவோ?

எண்ணிப் பாருங்கள். நான்கு தரம் வேகமாக அடித்து, சில விநாடி நிறுத்தி, மறுபடி நான்கு என்றால் சிஓ. மூன்று மூன்றாக என்றால் புகை. அரை நிமிடத்துக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒரு தரம் ஒற்றைக் கீச் என்றால் பற்றரி முடிகிறது, அல்லது கருவியின் ஆயுள் முடிந்துவிட்டது. புதுப் பற்றரி போட்டும் கீச் நிற்கவில்லையா, ஆயுள்தான். பின்புறத்தில் திகதி அடித்திருக்கும். உள்ளே இருக்கிற சென்சர் பெரும்பாலும் 7 முதல் 10 வருடம், அதற்குமேல் அதை நம்ப முடியாது. வீடு வாங்கியபோது பழைய சொந்தக்காரர் விட்டுப்போன மஞ்சள் நிறம் பிடித்த பெட்டி உங்கள் சுவரிலும் இருக்கலாம். இன்றைக்கே கழற்றித் திருப்பிப் பாருங்கள்.

நாலு நாலாத்தான் அடிக்குது! இப்ப என்ன செய்யிறது?

எல்லோரும் வெளியே. குழந்தை, அம்மம்மா, விருந்துக்கு வந்தவர், பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிறவர், எல்லோரும். யன்னல் திறக்கவும் காரணம் தேடவும் நின்று நேரம் போக்க வேண்டாம். சிஓ ஏறினவர்களுக்கு முதலில் குழம்புவது புத்தி, "கொஞ்சம் இருந்து பார்ப்போம்" என்று தோன்றுவதும் அதனாலேயே இருக்கலாம். வெளியே வந்ததும் ஆட்களை எண்ணுங்கள், பிறகு 911. குளிர் என்றால் காருக்குள்ளோ பக்கத்து வீட்டிலோ இருங்கள், காரைக் கராஜுக்கு வெளியே எடுத்த பிறகு.

ஆங்கிலம் தயக்கம் என்றால் 911இல் "தமிழ்" என்று ஒரு சொல் சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். வீட்டில் தனியாக இருக்கிற பெரியவர்களுக்கு இதையும் சொல்லி, முகவரியை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதிப் பிரிட்ஜில் ஒட்டிவிடுங்கள்.

நாங்கள் யன்னலைத் திறந்தோம், சத்தம் நிண்டிட்டு. இனிப் பயமில்லைதானே?

எனக்கு ஆகக் கோபம் வருகிற கேள்வி இது. யன்னலைத் திறந்தால் காற்று மாறும், கருவி அமைதியாகும். சிஓவை உண்டாக்கினது எதுவோ அது அப்படியே இருக்கிறது. இரவு யன்னலைச் சாத்திவிட்டு ஃபர்னஸ் மறுபடி ஓடத் தொடங்கினதும் முதலிலிருந்து தொடங்கும், இந்த முறை நீங்கள் நித்திரையில்.

தீயணைப்பு ஆட்கள் கையில் மீட்டரோடு ஒவ்வொரு அறையாகப் பார்ப்பார்கள், எங்கே இலக்கம் கூடுகிறது என்று தேடுவார்கள். முன்கூட்டியே எல்லாவற்றையும் திறந்து காற்றடிக்க விட்டால் அவர்களுக்கும் ஒன்றும் பிடிபடாது. அதற்குப் பிறகு பதிவுபெற்ற எரிவாயு ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்து திருத்த வேண்டும். ஒன்ராறியோவில் அவர்களைப் பதிவுசெய்வது டிஎஸ்எஸ்ஏ என்கிற அமைப்பு, பதிவு இலக்கத்தைக் கேட்டு வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "மச்சானுக்குத் தெரிந்த ஒரு பெடியன்" வேண்டாம்.

தலையிடி, சத்தி எண்டால் ஃப்ளூவாயும் இருக்கலாமே? எப்படிப் பிரிச்சு அறியிறது?

தலையிடி, தலைச்சுற்று, வயிற்றைப் பிரட்டுதல், அடித்துப் போட்டது மாதிரிக் களைப்பு, இவ்வளவும் ஃப்ளூவிலும் வரும். ஆனால் சிஓவில் காய்ச்சல் இருக்காது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வரும், நாயும் சுருண்டு கிடக்கும். வேலைக்குப் போனால் சுகமாகி வீட்டுக்கு வந்தால் திரும்பத் தொடங்கினால் கட்டாயம் சந்தேகப்படுங்கள். பகல் முழுக்க வீட்டிலேயே இருக்கிற பெரியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும்தான் முதலில் தாக்கும். வயிற்றிலுள்ள பிள்ளைக்குத் தாயை விட ஆபத்து கூட.

விரலில மாட்டுற ஒக்சிமீற்றரில 98 காட்டுது. அப்ப சுகம்தானே?

இல்லை! கோவிட் காலத்தில் வாங்கின அந்தச் சின்னக் கருவி இந்த விஷயத்தில் பொய் சொல்லும். அது இரத்தத்தின் ஊடாக ஒளியைப் பாய்ச்சி நிறத்தைப் பார்த்துத்தான் கணக்கிடுகிறது. சிஓ ஒட்டின ஹீமோகுளோபினும் ஒட்சிசன் ஒட்டினது போலவே சிவப்பாகத் தெரிவதால் இரண்டையும் அதனால் பிரித்தறிய முடியாது. 98ஐப் பார்த்துவிட்டு அலாரத்தைத்தான் பிழை என்று நினைத்தவர்களை எனக்குத் தெரியும்.

வைத்தியசாலையில் இரத்தப் பரிசோதனை செய்தால்தான் தெரியும். வாசலிலேயே "சிஓ அலாரம் அடித்தது" என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஃப்ளூ வரிசையில் இருத்திவிடக்கூடும். சாதாரணக் காற்றில் இருந்தால் இரத்தத்தில் ஏறின சிஓ பாதியாகக் குறைய நான்கைந்து மணித்தியாலம் எடுக்கும், முகமூடி போட்டு முழு ஒட்சிசன் கொடுத்தால் ஒன்று ஒன்றரை மணித்தியாலத்தில் அந்த அளவு குறைந்துவிடும்.

சாம்பிராணி போட்டால் அலாரம் அடிக்குது. வெள்ளிக்கிழமையில மட்டும் ஷவர் கப் போட்டு மூடி வைக்கலாமோ?

புகை அலாரத்துக்கு ஷவர் கப் போடுவது நம் வீடுகளில் எழுதாத சடங்கு மாதிரி ஆகிவிட்டது. ஒன்ராறியோவில் அலாரத்தை வேலை செய்யாமல் ஆக்குவது சட்டப்படி குற்றம், அதை ஒரு பக்கம் வைப்போம். தூபக்காலில் புகை நிறைய வருகிறபோது எல்லோரும் கவனமாக இருப்பார்கள், யன்னல் திறப்பார்கள். புகை அடங்கின பிறகு சாம்பல் பூத்துக் கிடக்கிற தணலில்தான் சிக்கல். வெளியே வெள்ளையாக, உள்ளே சிவப்பாக, ஒரு மணமும் இல்லாமல் அது மணிக்கணக்கில் சிஓவை விட்டுக்கொண்டே இருக்கும். புகை இல்லாததால் புகை அலாரமும் பேசாது. பூசை முடிந்து அந்தத் தூபக்காலை அப்படியே சாமி அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவார்கள், பல வீடுகளில் அந்தச் சாமி அறை என்பது படுக்கையறைக்குப் பக்கத்திலுள்ள ஒரு அலுமாரி அளவு இடம்.

ஒரு சின்னத் துண்டு கரி போதும். சுற்றிக் காட்டினதும் தூபக்காலை வெளியே டெக்கில் கொண்டுபோய் வைத்து, தண்ணீர் ஊற்றித் தணித்துவிடுங்கள். ஊதுபத்திக்கு இவ்வளவு பயம் தேவையில்லை. வீடு குடிபூரலில் ஓமம் வளர்ப்பதென்றால் முற்றத்திலோ பின்வளவிலோ வையுங்கள். குருக்கள் உள்ளேதான் வேண்டும் என்றால் சின்னக் குண்டம், திறந்த யன்னல், ஓடுகிற ஃபான், மூடாத அலாரம். அடித்தால் ஓமம் நிற்கட்டும், நல்ல நேரம் போனாலும் பரவாயில்லை.

கராஜுக்குள்ள பெரிய கதவைத் திறந்து வைச்சுத்தானே சமைக்கிறம், அதிலென்ன?

பிறந்தநாளுக்கு அறுபது பேருக்குப் பிரியாணி, குசினியில் மணம் பிடிக்கக்கூடாது, வெளியே பூச்சியத்துக்குக் கீழே. எல்லாம் விளங்குகிறது. ஆனால் புரொப்பேன் ஒற்றை அடுப்பில் பெரிய கிடாரத்தை ஏற்றினால் என்ன நடக்கிறது என்று குனிந்து பாருங்கள். கிடாரத்தின் அடி சுவாலையை அமுக்குகிறது, நீல நிறம் போய் மஞ்சளாக நக்குகிறது, கழுவும்போது அடி கரிக்கட்டியாய் இருக்கும். அந்தக் கரி அரைகுறையாக எரிந்ததன் அடையாளம், கூடவே சிஓவும் வந்திருக்கும். கராஜ் வீட்டோடு ஒட்டியது, உள்ளே போகிற சின்னக் கதவை ஆட்கள் நிமிடத்துக்கு ஒரு தரம் திறக்கிறார்கள், பல வீடுகளில் கராஜுக்கு நேரே மேலே படுக்கையறை. குளிருக்காகப் பெரிய கதவை அரைவாசி இறக்கியும் விடுவார்கள்.

அடுப்பு வெளியே, கதவு யன்னல்களிலிருந்து தள்ளி. காற்றுக்கு மறைப்புக் கட்டுவதானால் ஒரு பக்கம் மட்டும். புரொப்பேன் சிலிண்டரைக் கராஜுக்குள் வைத்திருப்பதும் கூடாது, அது தனி ஆபத்து.

ரிமோட் ஸ்டார்ட்டில காரை ஐஞ்சு நிமிஷம் சூடாக்கினால்?

கராஜுக்குள் என்றால் ஒரு நிமிடமும் வேண்டாம், கதவு திறந்திருந்தாலும். குளிர்ந்த என்ஜின் தொடங்குகிற நேரத்தில்தான் சிஓ ஆகக் கூட வரும், ஏனென்றால் புகைக்குழாயிலுள்ள சுத்திகரிப்பான் சூடாகும் வரை வேலை செய்யாது. வெளியே எடுத்துவிட்டுச் சூடாக்குங்கள். சாவி இல்லாமல் பொத்தானில் ஓடுகிற கார்களை நிறுத்த மறந்து உள்ளே போகிறவர்களும் உண்டு.

பனி கொட்டினதுக்குப் பிறகுதான் அலாரம் அடிச்சது. பனிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

வீட்டின் பக்கச் சுவரில் இரண்டு பிவிசி குழாய்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். புதிய ஃபர்னஸ்கள் ஒன்றால் காற்றை இழுத்து மற்றதால் எரிந்த வாயுவை வெளியே விடுகின்றன. பல வீடுகளில் அவை முழங்கால் உயரத்தில்தான் இருக்கும், அடுத்த வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் இடையிலுள்ள அந்த ஒடுங்கிய வழியில். காற்று பனியை அங்கேதான் கொண்டுபோய்க் குவிக்கும், போதாததற்கு வாசல் பனியை வழித்து நாமும் அங்கேதான் எறிவோம்.

பெரும்பாலும் ஃபர்னஸ் தானே நின்றுவிடும், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். ஒவ்வொரு பெரிய பனிக்குப் பிறகும் மண்வெட்டியோடு ஒரு சுற்று போய் அந்தக் குழாய்களையும், கணப்படுப்பு, உடுப்புக் காயவைக்கிற மெஷின் இவற்றின் வாய்களையும் துப்புரவாக்குங்கள். குழாய் வாயில் கட்டின ஐஸைக் கையால் மெதுவாக எடுங்கள், மண்வெட்டியால் அடித்து உடைத்த குழாய்களை நான் மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

கரண்ட் போய் ரெண்டு நாள் எண்டால் பிள்ளையளோட விறைச்சுச் சாகிறதே? கரி அடுப்பையாவது உள்ள வைக்கலாமே?

2013 டிசம்பர் ஐஸ் புயலில் ரொறன்ரோவில் மட்டும் மூன்று லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. சனம் பார்பிகியூவையும் ஜெனரேட்டரையும் கராஜுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தது. குளிருக்குத் தப்பினவர்கள் சிஓவால் வைத்தியசாலைக்குப் போனார்கள், மாகாணத்தில் உயிரிழப்பும் நடந்தது. கரி அடுப்பு உள்ளே வேண்டவே வேண்டாம், காரணம் தூபக்கால் கேள்வியில் சொன்ன அதே தணல்தான், இங்கே பல மடங்கு. காஸ் அடுப்பையும் ஓவனையும் அறை சூடாக்கப் பாவிக்காதீர்கள். ஜெனரேட்டர் வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, புகை வாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக.

எல்லோரும் ஒரே அறையில், கம்பளியோடு, அல்லது கரண்ட் இருக்கிற சொந்தக்காரர் வீட்டில். புயல் நேரங்களில் மாநகராட்சி சூடான பொது இடங்களைத் திறந்துவிடும், அங்கே போவதும் கௌரவக் குறைவில்லை.

நான் பேஸ்மென்டில வாடகைக்கு இருக்கிறன். வீட்டுக்காரர் மேல ஒண்டு இருக்கு, காணும் எண்டுறார்.

காணாது. மேலே இருப்பது உங்கள் குடியிருப்பு இல்லை. அலாரம் வைப்பது, வருடத்துக்கு ஒரு தடவையும் ஆள் மாறும்போதும் சோதிப்பது, பாவிக்கிற முறையை உங்களுக்குக் கொடுப்பது, எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. நன்றாகக் கதைத்துப் பாருங்கள், பிறகு எழுத்தில் ஒரு மெசேஜ், அதற்கும் அசையாவிட்டால் உங்கள் மாநகரத் தீயணைப்புப் பிரிவுக்குச் சொல்லலாம். உறவு கெடும் என்று பயந்தால், நீங்களே ஒன்றை வாங்கி வைத்துவிட்டுப் பிறகு வாதாடுங்கள். ஃபர்னஸுக்கு ஆகக் கிட்டப் படுப்பது நீங்கள்தான். உங்கள் பக்கத்துப் பொறுப்பும் ஒன்று உண்டு, இருக்கிற அலாரத்தைக் கழற்றக்கூடாது, வேலை செய்யாவிட்டால் உடனே சொல்ல வேண்டும்.

திரையில 35 காட்டுது, ஆனா சத்தமே இல்லை. மெஷின் பழுதோ?

பழுதில்லை, அதைச் செய்தவிதமே அப்படி. சின்னச் சின்ன ஏற்றத்துக்கெல்லாம் கத்தாமல், அளவையும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்து அடிக்கும்படிதான் தரவிதி இருக்கிறது. 70 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 70 பங்கு சிஓ, திரையில் வருகிற இலக்கமும் இதுதான்) என்றால் ஒன்றிலிருந்து நான்கு மணித்தியாலத்துக்குள், 150 என்றால் 10 முதல் 50 நிமிடத்துக்குள், 400 என்றால் 4 முதல் 15 நிமிடத்துக்குள். 30இல் ஒரு மாதம் நின்றாலும் பேசக்கூடாது என்றுகூட விதி. பல கருவிகள் 30க்குக் கீழே 0 என்றே காட்டும்.

ஆனால் கனடா சுகாதாரத் துறை வீட்டுக்குள் சொல்கிற வரம்பு ஒரு மணித்தியாலத்துக்கு 25, ஒரு நாள் முழுக்க 10. ஆகவே 35 காட்டினால் சத்தம் வரும்வரை காத்திருக்காதீர்கள். எரிகிறவற்றை நிறுத்தி, வெளியே போய், ஆளைக் கூப்பிடுங்கள், ஒருவருக்காவது தலையிடி என்றால் நேரே 911. வீட்டில் கர்ப்பிணியோ இதய நோயாளியோ இருந்தால், குறைந்த அளவுக்கே எச்சரிக்கிற மொனிட்டர் ஒன்றைக் கூடுதலாக வாங்கலாம். சட்டத்துக்குரிய அலாரத்துக்குப் பதிலாக அல்ல, அதோடு சேர்த்து.

ஃபர்னஸ் புதுசு, போன மாசம்தான் செக் பண்ணினது. ஆனா மீன் பொரிக்கிற நாளில மட்டும் கீழ் அலாரம் அடிக்குது. என்ன மாயம்?

இப்படி ஒரு வீட்டுக்குப் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிற மெக்கானிக்குகள் உண்டு. காரணம் பெரும்பாலும் மேலே குசினியில் ஓடுகிற ஹூட், அடுப்புக்கு மேலே நின்று சமையல் புகையை இழுத்து வெளியே விடுகிற மெஷின். நம் சமையலுக்கென்று ஆகப் பலமான ஹூட்டாகப் பார்த்துப் பூட்டுகிறோம், குளிருக்கு யன்னல் எல்லாம் இறுக்கிச் சாத்தியிருக்கிறது, கூடவே உடுப்புக் காயவைக்கிற மெஷினும் ஓடுகிறது. இவ்வளவு காற்றும் வெளியே போனால் அதற்கு ஈடான காற்று எங்கிருந்தோ உள்ளே வந்தாக வேண்டும். பேஸ்மென்டில் பழைய வகைச் சுடுநீர்த் தாங்கி இருந்தால், அதன் புகைக்குழாய் வழியாகவே காற்று கீழிறங்கும், எரிந்த வாயுவும் அதோடு சேர்ந்து வீட்டுக்குள் திரும்பும்.

நீங்களே பார்க்கலாம். ஹூட்டை முழு வேகத்தில் போட்டு, யன்னல்களைச் சாத்தி, சுடுநீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் கீழே போய், தாங்கியின் தலையில் குழாய் தொடங்குகிற இடத்தில் ஒரு தகரக் குடை மாதிரி இருக்கும், அதன் விளிம்புக்குக் கிட்ட ஊதுபத்தி ஒன்றைப் பிடியுங்கள். தாங்கி எரியத் தொடங்கிச் சில நிமிடத்தில் புகை குடைக்குள் இழுபட வேண்டும். உங்கள் பக்கம் திரும்பி வந்தால், ஹூட்டை நிறுத்தி, யன்னலைத் திறந்து, மேலே சொன்ன பதிவுபெற்ற ஆளைக் கூப்பிடுங்கள். அலாரம் ஏற்கெனவே அடித்துக்கொண்டிருக்கும்போது இந்தச் சோதனைக்குக் கீழே இறங்க வேண்டாம், வெளியே போங்கள்.

எரியிற சாமானே இல்லாத அறையில அடிச்சது. அப்ப அது பொய் அலாரம்தானே?

அந்த அறையில் காரோ பழைய இன்வேர்ட்டரோ போன்ற ஒன்றின் ஈய அமில பற்றரி சார்ஜில் இருந்ததா? அதிலிருந்து வருகிற ஹைட்ரஜனை இந்தச் சென்சர்கள் சிஓ என்று எடுத்துக்கொள்ளும். பெயின்ட், தின்னர், கடும் துப்புரவு மருந்துகளாலும் சில கருவிகள் குழம்பும். ஆனால் பொய் என்று தீர்மானிக்கிற உரிமை மீட்டரோடு வருகிற தீயணைப்பு ஆளுக்கு, வீட்டுக்காரருக்கு இல்லை. சுவரோடு சுவர் ஒட்டின வீடுகளில் பக்கத்து வீட்டுக் கராஜிலிருந்தும் வரலாம்.

உண்மையா வேலை செய்யுதோ எண்டு காரின்ர புகையில பிடிச்சுப் பார்க்கலாமோ?

வேண்டாம், சென்சரைக் கெடுத்துவிடுவீர்கள். சோதனைப் பொத்தானை மாதம் ஒரு தடவை அழுத்துங்கள். அது பற்றரியும் சத்தமும் மின்சுற்றும் சரியா என்று மட்டும்தான் சொல்லும், சென்சரின் நிலையைச் சொல்லாது. அதனால்தான் மேலே கீச் கேள்வியில் திகதியைப் பார்க்கச் சொன்னேன். தூசு பிடித்தால் வக்யூமின் மெல்லிய தூரிகையால் மேலாக இழுங்கள், ஸ்பிரே எதுவும் அடிக்காதீர்கள்.

சென்னையில அக்கா வீட்டு பாத்ரூமுக்குள்ள காஸ் கீசர். இங்கயிருந்து ஒண்டு வாங்கிக்கொண்டு போகலாமோ?

கொண்டுபோங்கள், ஆனால் முதலில் கீசரைப் பற்றிக் கதையுங்கள். சின்ன யன்னலுள்ள குளியலறைக்குள், புகைக்குழாய் இல்லாமல், கதவைத் தாழிட்டுக் குளிக்கிறபோது எரிகிற காஸ் கீசர் சில நிமிடங்களிலேயே ஆளை விழுத்தக்கூடியது. உள்ளே விழுந்தவரின் கதவை உடைக்கத்தான் நேரம் போகும். அதைக் குளியலறைக்கு வெளியே, திறந்த இடத்துக்கு மாற்ற வேண்டும், அல்லது மின்சாரக் கீசருக்குப் போக வேண்டும். மாற்றும் வரை வாளியில் தண்ணீரைப் பிடித்து, கீசரை நிறுத்திவிட்டு, கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்துவிட்டுப் பிறகு குளிக்கச் சொல்லுங்கள்.

அலாரம் முழுக்கப் பற்றரியில் ஓடுவதாக இருக்கட்டும். இங்கே செருகுகிறவை 120 வோல்ட்டுக்கு ஆனவை, அங்கே 230 வோல்ட்டில் செருகினால் எரிந்துவிடக்கூடும். நீராவி படாமல் குளியலறைக் கதவுக்கு வெளியே மாட்டிவிட்டு, நான்கு நான்காக அடித்தால் என்ன செய்வது என்று அக்காவுக்கும் வேலைக்கு வருகிற அம்மாவுக்கும் ஒருமுறை பொத்தானை அழுத்திக் காட்டிவிட்டு வாருங்கள்.